ஊற்றாமல் விட்டது

உங்கள் ஜீப்பில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிகிறது. ஸ்டேஷன் வாசலில் அது நின்ற இடத்தில் சிவப்பாக நாலைந்து சொட்டுகள் கிடந்தன. உள்ளே வரும்போது குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு உங்கள் டிரைவரிடம் சொன்னேன். "அது ஏசி தண்ணி சார்" என்றார். தண்ணீர் சிவப்பாக இருக்குமா என்று நான் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் கேள்வி கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நான் வந்தது என் காரைப் பற்றிப் பேச. மலைப் பாதையில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்ததே, அந்தக் கார். ஓட்டியவன் என் மருமகன். பக்கத்தில் இருந்தவள் என் மகள், ஒரே மகள். அவன் கை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவளுக்குச் செய்ய வேண்டிய காரியங்களையெல்லாம் செய்து முடித்துவிட்டோம்.

காரைச் சோதித்த உங்கள் ஆள், முறையான பராமரிப்பு இல்லாததால் பிரேக் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாராம். மருமகனோ தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று அழுதுகொண்டு, எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறானாம். இரண்டுமே தப்பு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

நான் குடிநீர் வாரியத்தில் கசிவுப் பிரிவில் என்ஜினீயராக இருந்தேன். ஊருக்கு அனுப்புகிற தண்ணீரில் எவ்வளவு எங்கே மண்ணுக்குள் போகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கசிவை நிறுத்த முடியாது. ஒரு ஓட்டையை அடைத்தால் அழுத்தம் கூடி அடுத்த தெருவில் பீறிட்டுக்கொண்டு வரும். கசிகிற அளவைத் தெரிந்துகொண்டு அந்த அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலதிகாரிகள் யாருக்கும் இது புரிந்ததில்லை. அவர்கள் குழாயை மாற்று, குழாயை மாற்று என்பார்கள்.

அந்தக் கார் எனக்கு மூன்று கை மாறி வந்தது. நான் பிறப்பதற்கு முன் செய்த வண்டி. வாங்கிய அன்றே ஒழுகியது. வாங்கிய அன்று ஒழுகாத இடங்களும் பிற்பாடு ஒழுகின. இன்ஜின் ஆயில் கறுப்பாக, முன்பக்கம் நடுவில் சொட்டும். கியர் ஆயில் பழுப்பாக, அதற்குச் சற்றுப் பின்னால். அது நாறும். ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர். பிரேக் ஆயில் இடது பின் சக்கரத்தின் உள்பக்கமாக வழியும். நிறம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். காரின் அடியில் ஒரு தகரத் தட்டை விரித்து வைத்திருப்பேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். எது எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து, அததை அந்தந்த அளவுக்கு ஊற்றிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். எத்தனை வருஷம் ஓடியிருக்கிறது அந்த வண்டி தெரியுமா. ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை.

என் மனைவி இருந்தபோது வருகிறவர்களிடம் சொல்வாள், "அவருக்கு நானும் அந்தக் காரும் ஒண்ணுதான். என்ன, கார்ல எண்ணெய் இருக்கான்னு தினம் பாப்பாரு." எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கும்படி அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். "பின்னாடி பிரேக் ஆயில் ஒழுகற வீல் சிலிண்டர மாத்திடலாம் சார். வேற வண்டியோடது அப்படியே உக்காரும். ஒரு மணி நேர வேலை" என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரிப்பார். அவரையும் நீங்கள் விசாரிப்பீர்கள். நான் மறுத்துவிட்டேன் என்று சொல்வார். மறுத்தது நிஜம். வேறு வண்டியின் உறுப்பைக் கொண்டுவந்து அதன் உடம்பில் செருகுவதற்குப் பெயர் பராமரிப்பு இல்லை.

மனைவி போன பிறகு மகளும் மருமகனும் என்னோடு வந்து தங்கினார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள என்று சொன்னார்கள். அவன் தரைக்குப் போடுகிற டைல்ஸ் விற்கிறவன். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் புத்தி வேண்டும். எதைப் பார்த்தாலும் சிரிப்பான். எதைப் பார்த்தாலும் வழவழவென்று ஆக்கிவிட வேண்டும் அவனுக்கு. சொட்டுகிற காரைப் பார்த்துவிட்டு, "மாமா, வண்டி ஒண்ணுக்குப் போயிருச்சு" என்பான். தினமும் அதே வார்த்தை. தினமும் முதல் தடவை சொல்வது போன்ற முகம்.

எனக்கு புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால் கார் தெருவில் நிற்கிறது. போர்ட்டிகோவில் வெள்ளை டைல்ஸ் பளபளக்கிறது. வெள்ளை. "சர்ப்ரைஸ் மாமா. வழுக்காது, பயப்படாதீங்க" என்றான். என் தகரத் தட்டை பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டிருந்தான். காரை உள்ளே கொண்டுவந்து, வழக்கமான இடத்தில் நிறுத்தினேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு ஒரு தொந்தரவு இருந்தது. நீங்கள் இளவயதுக்காரர். இருந்தாலும் புரியும் என்று நினைக்கிறேன். அடக்க முடியாது. தும்மினால் போகும், எழுந்தால் போகும். மகள்தான் எனக்கு வேண்டியதை மருந்துக் கடையிலிருந்து கறுப்புப் பையில் சுற்றி வாங்கி வருவாள். "அப்பா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அவர்கிட்டகூட சொல்ல மாட்டேன்" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

அவர்களுடைய கல்யாண நாளுக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவன் கடை ஆட்கள், அவளோடு படித்தவர்கள், அக்கம்பக்கம். எல்லோரையும் போர்ட்டிகோவுக்குக் கூட்டிவந்து டைல்ஸைக் காட்டினான். யாரோ காரின் அடியில் இருந்த கறையைக் காட்டிக் கேட்டார்கள். அவன் உள்ளே போய், பெரியவர்கள் கட்டுகிற டயாப்பர் ஒன்றை எடுத்து வந்தான். பிரித்து, மண்டியிட்டு, சொட்டுகிற இடத்தில் விரித்தான். "இனிமே கவலையே இல்ல. மாமாவுக்கும் காருக்கும் ஒரே கடையில மொத்தமா வாங்கிடலாம்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரித்தாள்.

அதுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அற்பமான ஆள் இல்லை நான். அன்றைக்கு நானும் புன்னகை செய்தேன். வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

பிறகு ஒரு நாள், மலைமேல் ஹோட்டல் நடத்துகிற ஒருவர் பழைய கார் தேடுகிறார் என்று வந்து சொன்னான். ஹோட்டல் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, உள்ளே மண் நிரப்பிப் பூச்செடி வைப்பாராம். "கண்காட்சி மாதிரி இருக்கும் மாமா. எல்லாரும் போட்டோ எடுத்துப்பாங்க."

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்க சரின்னாதான். உங்களுக்கும் குனிஞ்சு நிமிர முடியல. எத்தன நாளைக்கு இத ஊத்திக்கிட்டே இருப்பீங்க?"

"சரிம்மா" என்றேன். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

எல்லாவற்றையும் இல்லை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், தண்ணீர் மூன்றையும் நிறைத்தே வைத்திருந்தேன். வண்டி மலை ஏற வேண்டுமே. பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றாமல் விட்டேன். அந்தக் காரில் அதன் தொட்டி பானெட்டுக்குள் இருக்காது. டிரைவர் கால் வைக்கிற இடத்தில், ரப்பர் விரிப்புக்கு அடியில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் திருகித்தான் ஊற்ற வேண்டும். உங்கள் ஆள் அதைத் திறந்து பார்த்தாரா, அல்லது வேறு வண்டிகளில் தேடுகிற இடத்திலேயே தேடினாரா என்று தெரியவில்லை. இப்போதைய கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். இதில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஆயில் தீர்ந்தால் காலைத் தரைவரை அமுக்கலாம். ஒன்றும் நடக்காது.

மருமகனுக்கு நான் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாம் பாத்தாச்சா மாப்பிள்ளை?"

"பாத்தாச்சு மாமா. ஆயில் ஃபுல், தண்ணி ஃபுல். பிரேக்க ஒரு மிதி மிதிச்சேன், கல்லு மாதிரி நிக்குது."

"பிரேக் ஆயில்?"

"அதுவும் பாத்துட்டேன்."

"எங்க பாத்தீங்க?"

பானெட்டுக்குள் கையைக் காட்டினான். அவன் காட்டியது கண்ணாடி கழுவுகிற தண்ணீர்ப் புட்டி. நான் தலையை ஆட்டினேன். இதைவிடச் சுலபமான கேள்வியை எந்தப் பரீட்சையிலும் கேட்க முடியாது.

ஊற்றாமல் விட்டேன், அவ்வளவுதான் என்று இங்கே வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை, சொல்ல வந்ததும் அப்படித்தான். அன்று அவன் கடைக்குப் போன பிறகு விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தேன். நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசிக் குழாய் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை வைத்து உறிஞ்சி எடுத்தேன். முழுவதும் எடுக்கவில்லை. ஏறும்போது பிரேக்குக்கு அதிகம் வேலை கிடையாது. இறங்கும்போதுதான் மிதித்துக்கொண்டே வர வேண்டும். மிதிக்க மிதிக்கப் பின்சக்கரத்தில் வெளியே வரும். போவதற்குப் போதும், வருவதற்குப் போதாது என்கிற அளவுக்கு விட்டுவைத்தேன். இது லேசான கணக்கு இல்லை. அந்த வண்டியோடு அத்தனை வருஷம் இருந்தவனால்தான் முடியும். அதைப் போய்ப் பராமரிப்பு இல்லாததால் என்று ஒருவர் எழுதுகிறார்.

ஹோட்டல்காரர் வண்டியை வாங்கியிருந்தால் அவன் பஸ்ஸில் திரும்பியிருப்பான். ஒன்றும் ஆகியிருக்காது. அதையும் நான் யோசித்தேன். அவர் ஏன் வாங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவருடைய வாசலில் வண்டி நின்ற கொஞ்ச நேரத்துக்குள் கல் தரையில் எண்ணெய் சொட்டியதாம். செடி வைக்கிற காரில் எண்ணெய் சொட்டக் கூடாதாம். அவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அவரை நீங்கள் விசாரித்தீர்களா என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டிய ஆள்.

மகள் போவதாக இல்லை. மருமகன் மட்டும் போவதாகத்தான் பேச்சு. அவளுக்கு அன்று ஆபீஸ் இருந்தது. காலையில் அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் பையை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நானும் போறேம்பா. லீவு சொல்லிட்டேன். சின்ன வயசுல ஏறினது, கடைசியா ஒரு தடவ" என்றாள். கொஞ்சம் அழுதிருந்தாள் என்று நினைக்கிறேன். கண் சிவந்திருந்தது. காருக்காகவா, எனக்காகவா என்று கேட்கவில்லை.

நான் என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போகாதே என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டிருப்பாள். பிரேக் ஆயில் புட்டி பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இறங்குங்க என்று சொல்லி, விரிப்பைத் தூக்கி ஊற்றியிருக்கலாம். அப்படிச் செய்தால் இத்தனை நாள் ஊற்றவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துபோகும். பார்த்தீங்களா, மாமாவுக்கு மறதி வந்துடுச்சு என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான். அவன் வாயால் அப்படி ஒரு பேச்சு வருவதை என்னால் அனுமதிக்க முடியாது. என் நிலையில் இருக்கிற எந்த மனிதனும் அனுமதிக்க மாட்டான்.

அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவை இழுத்தாள். சரியாக மூடவில்லை. அந்தக் கதவின் கீல் தேய்ந்துபோயிருக்கிறது. சத்தம் கேட்கும், ஆனால் பிடித்திருக்காது. அவனுக்கு அது தெரியாது. அதற்குள் கியர் போட்டுவிட்டான். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். நான் போய்க் கதவைத் திறந்து, லேசாகத் தூக்கிப் பிடித்து, நன்றாக அறைந்து சாத்தினேன். அசைத்தும் பார்த்தேன். அவள் கண்ணாடியை இறக்கி, "தேங்க்ஸ்பா" என்றாள்.

பெற்ற மகளைச் சரியாக மூடாத கதவோடு மலைப் பாதையில் அனுப்புகிற அப்பன் இல்லை நான்.