முதல் வாய்

– தட்டை மோந்துகூடப் பார்க்கலையே, அண்ணி.

– அதுக்குத்தான் தம்பி உங்களைக் கூப்பிட்டேன். உங்க அண்ணனை எடுத்த நாள்ல இருந்து வெறும் தண்ணிதான். அவர் செருப்புப் பக்கத்துல போய்ப் படுத்துக்குது. இன்னிக்கும் சாப்பிடலைன்னா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

– உங்களுக்கும் அதுக்கும் ஆகாதுன்னு அண்ணன் சொல்லுவாரே?

– ஆகாதுதான். பட்டாளத்துல இருந்து பெட்டியோட வருவார்னு பார்த்தா, நாயோட வந்து நின்னார். அடுப்படிப் பக்கம் நான் விட்டதே இல்லை. அதுக்காக, அவர் வளர்த்த உசுரு என் கண்ணு முன்னாடியே போகணுமா? நீங்களும் அவரோட பட்டாளத்துல நாய் பழக்கினவர்தானே, ஒரு அதட்டு போடுங்க.

– அதட்டினா மசியற ஆளா இது? கண்ணிவெடியை மோப்பம் பிடிச்சே எங்களை முழுசா வீட்டுக்கு அனுப்பி வெச்ச ஆளு. இதுவும் அண்ணனும் முன்னாடி போவாங்க. அவர் கால் வெச்ச இடத்துலயே கால் வெச்சு நாங்க பின்னாடி போவோம். ஒரு நாள்கூட ‘நீ முன்னாடி போடா’ன்னு யாரையும் சொன்னதில்லை, அண்ணி.

– இங்க மட்டும் என்னவாம்? பாம்புன்னா தெருவே கதவைச் சாத்திக்கும். இவர் டார்ச்சைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். நான் கத்தினா, ‘பாவம், அதுவும் பயந்து போய் இருக்கும்’பார்.

– அவரேதான்! சரி, இதுக்கு யார் சாப்பாடு வெப்பாங்க?

– அவர்தான். தட்டை எடுத்துட்டு வீட்டுக்குப் பின்னாடி போயிடுவார், என்னை வர விட மாட்டார். நாயோட அப்படி என்ன ரகசியம்னு கேட்டா சிரிப்பார்.

– அப்போ உங்ககிட்ட சொல்லவே இல்லையா?

– எதை?

– எங்க முகாம்ல யாரோ விஷம் தடவின இறைச்சியை வேலிக்குள்ள வீசிட்டாங்க. என் நாய் போயிடுச்சு. அன்னையில இருந்து எல்லா நாயோட தட்டுலயும் முதல் வாய் அண்ணன்தான் சாப்பிடுவார். கொஞ்ச நேரம் பார்த்துட்டுத்தான் நாய்க்கு வெப்பார்.

– நல்லா இருக்கே கூத்து! அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?

– நானும் சண்டை போட்டேன். ‘எனக்கு வயித்தைக் கலக்கினா வாய்விட்டுச் சொல்லிடுவேன்டா. இதுக்குச் சொல்லத் தெரியுமா?’ன்னார். அதிகாரி கூப்பிட்டுத் திட்டியும் கேட்கலை. அவர் மெல்லறதைப் பார்த்தாத்தான் இது வாய் வைக்கும், அப்படியே பழகிடுச்சு.

– இங்க யாரு விஷம் வைக்கப் போறா? நானா?

– ஐயோ, அப்படி இல்லை அண்ணி. அதோட பழக்கத்தை மாத்த முடியாம இவர் சாப்பிட்டிருப்பார். நீங்க முகம் சுளிப்பீங்கன்னு மறைச்சிருப்பார்.

– அப்போ நீங்க ஒரு வாய் போட்டுக் காட்டுங்களேன்.

– நீங்க உள்ளே போனப்போ அதையும் செஞ்சு பார்த்துட்டேன். முகத்தைத் திருப்பிக்கிச்சு. நான் வெளியாளு. பாருங்க, அது கண்ணு எடுக்காம யாரைப் பார்க்குதுன்னு.

– என்னை எதுக்குப் பார்க்குது சனியன்... அந்தத் தட்டை இப்படிக் கொடுங்க.

– அண்ணி, நாய் வாடையே உங்களுக்கு ஆகாதே, குமட்டிடப் போகுது.

– கொடுங்கன்னா!

– மெதுவா... நல்லா மென்னு காட்டுங்க. எழுந்திரிச்சிருச்சு. தட்டைக் கீழே வைங்க... அண்ணி, சாப்பிடுது! இங்க பாருங்க, சாப்பிடுது! ஐயோ, இப்போ எதுக்கு அழறீங்க?

– இதுல ஒரு கல்லு உப்புகூட இல்லையே தம்பி. இதைத் தின்னுட்டு வந்து உட்கார்ந்தா, என் குழம்பு அவருக்குக் கரிக்காம என்ன செய்யும்? ‘உப்புக் கரிக்குது’ன்னு சொன்னதுக்குப் போய் தினமும் அந்த மனுஷன்கிட்ட மல்லுக்கு நின்னேனே!