துலுக்கானம் ஷிப்டில் நிற்கும் சர்வர்

— ஒண்ணொண்ணா போலாம் அண்ணா. போன வாரம் உங்களுக்கு மத்தியான ஷிப்ட். தினம் ராத்திரி பத்து மணிக்கு, லாரிங்களுக்கு கேட் பாஸ் அடிக்கிற இந்த சர்வர் நின்னிருக்கு. இந்த வாரம் காலை ஷிப்ட். ரெண்டு மணிக்கு நிக்குது. நீங்க வீட்டுக்குக் கிளம்புற நேரத்துக்குச் சரியா நிக்குது. ஏன்னு எனக்குத் தெரியல.

— ஒனக்குத் தெர்லன்னா இன்னா, மேனேஜரு ஜெயராமன் சாருக்குத் தெரிஞ்சுகீதே. துலுக்கானம்தான் வேணும்னே நிறுத்துறான்னு மெமோ குடுத்துட்டாரு. திங்கக்கெழம என்கொயரி. பதினோரு வருசமா இந்த அம்பத்தூர் எஸ்டேட்ல கீறேன், அன்னியோட வேலை காலி.

— நீங்க நிறுத்துனீங்களா?

— பாத்தியா. நாகவல்லின்னு ஒரு இன்ஜினியர் சாஃப்ட்வேர் போட வராங்கன்னு சொன்னாங்கோ. வந்து கேக்குறது பூரா போலீஸ் கேள்வி.

— சாஃப்ட்வேர் போடத்தான் வந்தேன். பாருங்க, சர்வர்லேர்ந்து, ஸ்கிரீனும் கீபோர்டும் இருக்கற அந்த டெர்மினலுக்கு ஒரு கேபிள் போகுதில்ல? அதுதான் கன்சோல். சர்வர் தன்னைப் பத்திச் சொல்றதெல்லாம் அதுவழியாத்தான் வரும். இப்ப ஸ்கிரீன்ல ஓடி மறைஞ்சிடுது. இனிமே கேபிளை இந்த பிசியில சொருகிடுவோம். வர்ற ஒவ்வொரு எழுத்தையும் இந்த சாஃப்ட்வேர் மணி போட்டு எழுதி வச்சுக்கும்.

— அங்க யாரு இன்னா தட்டுனாங்கோன்னும் எழுதுமா?

— யாருன்னு தெரியாது. என்ன தட்டுனாங்கன்னு எழுதும்.

— அப்ப என்னை வேவு பாக்கத்தான் இது.

— எதுவும் தட்டாதவருக்கு இது சாட்சி அண்ணா.

— நல்லா பேசுற. ஜெயராமன் சாரு சொல்லிக் குடுத்தாரா? சர்வரே எழுதி வச்சுக்குற லாக் ஒண்ணு கீதே, அத்தப் பாக்குறது.

— பாத்தேன். பாதி வரியில நிக்குது. நின்னுபோன மெஷின், தான் நின்னதை எப்படி எழுதும்? வெளியில உக்காந்து ஒண்ணு எழுதணும். அந்த நாலாவது ஃப்ளாப்பி குடுங்க.

— இந்தா. எண்ணிக்கோ. அப்பால ஒண்ணு காணம்னா அதுக்கும் ஒரு மெமோ வரும்.

— எண்ணிட்டேன். இதைப் போட்டா முடிஞ்சுது... சரி, இப்ப செட்டிங். சர்வருக்கு ஒரு பேர் வைக்கணும். ‘கேட்பாஸ்’னு வைக்கிறேன். வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு. ரெண்டு பக்கமும் ஒரே வேகம் இல்லன்னா வெறும் கிறுக்கலா வரும். லாக் எழுத ஒரு ஃபைல். அவ்வளவுதான்.

— இன்னொரு ஷிப்ட் பால்ராஜ் இன்னா சொன்னான் ஓங்கிட்ட?

— அவர் ஷிப்ட் முடியறப்ப ஒருநாளும் நின்னதில்லைன்னார்.

— நின்னதில்லதான். அவன் மேனேஜரு ஆளு. நான் யூனியன் ஆளு. மெஷினுக்கும் தெரிஞ்சுகீது போல.

— கேபிளை மாத்துறேன். கரண்ட் இருக்கறப்ப பிடுங்கக் கூடாது, அதனால டெர்மினலை ஆஃப் பண்ணிட்டேன். பிடுங்கியாச்சு. பிசியில சொருகியாச்சு. ஒரு என்ட்டர். ஆ, ஏதோ வருது.

— ‘ஓகே’ன்னு வந்துகீது. நல்லா கீதுன்னுதானே?

— இல்ல அண்ணா. சர்வர் நின்னாத்தான் இந்த ஓகே வரும்.

— தோ, நான் கையக் கட்டிகினு நிக்கறேன்.

— பாத்தேன்.

— கதவாண்ட நிக்கறேன். மணி பதினொண்ணு. ஷிப்டும் முடியல. நீதான் நிறுத்துன. ஒனக்கு யாரு மெமோ குடுப்பா?

— கொஞ்சம் இருங்க. ‘கோ’ன்னு அடிச்சா விட்ட இடத்துலேர்ந்து ஓடும். ம்... ஓடுது.

— அடப்பாவி. நாங்க பவரை அணைச்சிப் போட்டு, முக்கா மணி நேரம் லாரிங்கோ கேட்ல நிக்குமே.

— அண்ணா, வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்ன கடைசியா இங்க என்ன பண்ணுவீங்க?

— ஒண்ணும் பண்ண மாட்டேன்.

— டெர்மினலை ஆஃப் பண்ணுவீங்களா?

— இத்தயும் எழுதிக்குவியா?

— சொல்லுங்க அண்ணா.

— பண்ணுவேன். டிவி மாதிரி பொட்டி, அத்த அணைச்சா சர்வருக்கு இன்னா? போன மாசம் ஆபீஸ்ல ஒரு மானிட்டர் பத்திகிச்சு. ஷிப்ட் முடிஞ்சா எல்லாத்தையும் ஆஃப் பண்ணணும்னு ஜெயராமன் சாரு கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் ஒட்டிகீறாரு. கதவுக்குப் பின்னால பாரு.

— பால்ராஜ் பண்ணுவாரா?

— ஃபேனையே நான் வந்துதான் நிறுத்தறேன்.

— சர்வர் நிக்க ஆரம்பிச்சதும் போன மாசம்தான். பாருங்க, யாரும் எதுவும் தட்டாதப்பவும் இந்தக் கேபிள்ல ஒரு வோல்டேஜ் நின்னுகிட்டே இருக்கும். டெர்மினலை ஆஃப் பண்ணா அது விழுந்துடும். சர்வருக்கு அது ‘பிரேக்’னு ஒரு சிக்னலாத் தெரியும். லேத்துல சிவப்பு பட்டன் இருக்குதில்ல, அமுக்குனா அப்படியே நிக்குமே, அந்த மாதிரி.

— அப்ப நான்தான் நிறுத்திகீறேன்.

— ஆமா அண்ணா.

— எம்மா, அத்த எழுதாத. அதத்தானே அவரு தேடிகினு கீறாரு.

— எழுதலன்னா காரணம் தெரியலன்னு ஆயிடும். அப்புறம் மெமோ சொல்றதுதான் நிக்கும். பிரேக் வந்தா கண்டுக்காதேன்னு சர்வர்ல ஒரு வரி சேத்துட்டேன். இனிமே இந்த பிசிதான் டெர்மினல். நீங்களே ஆஃப் பண்ணிப் பாருங்க.

— மாட்டேன். நின்னுச்சுன்னா துலுக்கானம் நிறுத்துனான்னு எழுதிக்குவ.

— நின்னா நான்தான் பொறுப்பு. இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

— குடு, படிக்கிறேன்... சரி. பின்னாடி தள்ளி நில்லு. ஆஃப் பண்ணிட்டேன்.

— கேட் பாஸ் பிரிண்டர்?

— அடிச்சிகினே கீது. ஆன் பண்ணி இன்னொரு தபா ஆஃப் பண்றேன்... அடிச்சிகினேதான் கீது. திங்கக்கெழமைக்கு இன்னா எழுதிகீற, படி.

— ‘காரணம்: ஷிப்ட் முடிந்ததும் எல்லா டெர்மினல்களையும் ஆஃப் செய்யும்படி மேனேஜர் ஜெயராமன் கையெழுத்திட்ட நோட்டீஸ். அதைத் தவறாமல் பின்பற்றியவர் துலுக்கானம் ஒருவரே. தீர்வு: கன்சோல் கேபிளில் வரும் பிரேக்கை சர்வர் பொருட்படுத்தாதபடி ஒரு வரி சேர்க்கப்பட்டது, இரண்டு முறை ஆஃப் செய்து பார்த்தோம், சர்வர் நிற்கவில்லை.’