திலகவதிக்குக் காட்டிய மூன்று வரிகள்

கோயில் அலுவலகத்துக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சிரப் தண்ணீர்தான் கொடுப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. வரன் தேடி வரும் தாய்மார்களுக்குப் படபடப்பாக இருக்கும். இனிப்பாக எதையாவது குடித்தால் அடங்கும்.

கோயிலின் வரன் பதிவை நான் சம்பளமில்லாமல் பார்த்துவந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் மாப்பிள்ளைகளை அட்டவணையில் ஏற்றினேன், ஆளுக்கொரு வரி. வேண்டிய வரிகளை மட்டும் திரையில் நிறுத்தலாம். மற்றவை மறைந்துகொள்ளும், அழியாது. ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெத்தம்மாள் தன் மகள் திலகவதியோடு வந்தாள். திரையில் மூன்று பேரை நிறுத்தினேன். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். இன்னொருவருக்கு வேலையில்லை. மூன்றாவது கவிநேசன்: கிளேபாங்கில் சொந்த வீடு, லாரி ஓட்டுகிறான், மனைவியை இழந்தவன்.

"மூணே பேருதானா, நிர்மலா?"

"பொண்ணுக்கு ஏத்தவங்கள கம்ப்யூட்டரே எடுத்துக் குடுக்குதுக்கா."

திலகவதி திரையின் ஓரத்தைப் பார்த்தாள். "ஆண்டி, நம்பரு நாலு, அப்புறம் பத்தொம்போது, அப்புறம் முப்பத்தாறு. நடுவுல உள்ளவங்கள்லாம் சாப்பிட மக்கான் கடைக்குப் போயிட்டாங்களா?"

"அவங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சும்மா."

"சும்மா இருடி. கம்ப்யூட்டருக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்றாள் தாய்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இவரு சம்சாரம் எப்படிச் செத்தாங்க?"

"குளியலறையில வழுக்கி விழுந்து."

மறைந்திருந்த வரிகளில் ஓர் ஆசிரியர் இருந்தார், ஒரு தபால்காரர் இருந்தார், அவள் வயதுக்கு ஏற்ற பலர் இருந்தார்கள். யாருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

கவிநேசன் என் தம்பி. அவர்கள் அதைக் கேட்கவில்லை.

முதல் மனைவி விழுந்த அன்று அந்தத் தரையைக் கழுவியது நான்தான். அவனுக்குக் கோபம் வரும். பிறகு என் மடியில் படுத்து அழுவான். அன்பாகப் பார்த்துக்கொள்ள ஒருத்தி அமைந்தால் திருந்திவிடுவான் என்று நம்பினேன். அவனுக்காக வெள்ளிதோறும் விளக்கேற்றினேன். முகூர்த்தப் புடவையை நானே எடுத்தேன். திலகவதிக்கு அரக்கு நிறம் பொருத்தமாக இருந்தது.

தைப்பூசத்துக்கு முன்பு அவளும் அதே குளியலறையில் கிடந்தாள். வாளியையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் நான் போனேன்.

தம்பியை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். ஒருநாள் வெளியே வருவான்; தனியாக இருந்தால் உடைந்துபோவான். நீங்கள் எடுத்துச் சென்ற கம்ப்யூட்டரைத் திறந்தால் பெண்கள் அட்டவணை இருக்கும். அதில் நான்கு வரிகள்தான் தெரியும், கலைத்துவிடாதீர்கள். இந்த முறை தாய் தகப்பன் இல்லாத பெண்களாகப் பார்த்து வைத்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கும் ஒரு வீடு வேண்டுமல்லவா.