பினாயிலுக்கு ஒரு சன்னல்

காந்திபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் பல்கலைக்கழகத்துத் துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பினாயிலுக்குன்னு சொல்லி ஒரு சன்னல் வாங்கிப்போட்டேனுங்க்கா" என்றார் இளையவர்.

"எங்க அம்மணி?"

"பழைய பில்டிங்க மாணவர் மையமா மாத்தறாங்கல்லங்க. கேரம் ஆட ரூமு, தியானத்துக்கு ரூமு, எல்லாம் பிளான்ல இருக்குது. நாம சோறு திங்கற மாடிப்படிக்கு அடியில மட்டும் ஸ்டோர்னு போட்டிருக்குது."

"ஸ்டோருக்கு எதுக்கு சன்னல்னு கேக்கலையா?"

"இஞ்சினியர் கேட்டாருங்க. பினாயில் வாடை மேல தியான ரூமுக்கு வருமுங்கன்னேன். அன்னைக்கே சுவத்த உடைச்சுப்போட்டாங்க."

"ஃபேனு?"

"அதுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

அடுத்த நிறுத்தம் வந்தது. மூத்தவர் இறங்க எழுந்தபடியே சொன்னார்.

"மாப்புத்துணி காயோணும்னு சொல்லு."