பதினோராவது கரை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். நானே என்னைப் புகழ்ந்துகொள்வதாக நினைக்க வேண்டாம், ஐயா. இந்த அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடமாக என்னைச் சீட்டு எழுத வைத்திருப்பதே அதற்காகத்தான். தீப்பெட்டி அகலக் காகிதம். அதற்குள் உயிரினத்தின் பெயர், பிடித்த கரை, ஆழம், தேதி, பிடித்தவர் யார் என்பதெல்லாம் கடுகளவு எழுத்தில் அடங்க வேண்டும். பதப்படுத்தும் சாராயத்தில் வருடக்கணக்கில் ஊறினாலும் கரையக் கூடாது. சீட்டு புட்டிக்குள் போய் மூடி இறுகிவிட்டால் அதற்கப்புறம் அது சொல்வதுதான் சத்தியம். உள்ளே கிடக்கும் நண்டு மறுத்துப் பேசப்போவதில்லை.

விசாரணை அதிகாரியாக நீங்கள் கேட்டது சீட்டுகளைப் பற்றி மட்டும். அதைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் வேறு ஏதாவது வந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் நாத்தனாரை உங்களுக்குத் தெரியும். நண்டுப் பிரிவின் தலைவி. எல்லாருக்கும் ‘பெரிய மேடம்’. எனக்கு அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தாள். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதை நான் மறந்ததில்லை. மறக்க அவள் விட்டதுமில்லை.

நல்லவள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எதையும் வகைப்படுத்தாமல் அவளால் உட்கார முடியாது. வீட்டிலிருந்த செருப்புகளைக் குதிகால் உயரப்படி அடுக்குவாள். என் புடவைகளைக் கரை அகலப்படி மூன்று குடும்பமாகப் பிரித்து, எதிலும் சேராத ஒன்றைத் தனியாக மடித்து வைத்து, “அண்ணி, இது கலப்பினம்” என்பாள். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டு ஒரு பட்டியலைக் கதவில் ஒட்டினாள். இருபத்தேழாம் எண்ணில் சர்க்கரை. விருந்தாளி வந்தால் நான் பட்டியலைப் பார்த்துத்தான் காப்பி கலக்க வேண்டும். என் மகள் ஆறு வயதில் ஒரு நண்டு வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். நாத்தனார் கால்களை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது இருந்தது. படத்தைக் கழற்றி, கிழித்து, புதுக் காகிதம் கொடுத்தாள். “பத்துடா கண்ணு. இன்னொரு தடவை போடு.” குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளிடம் இருந்த கஷ்டம். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தீர்த்திருப்பேன்.

அவளுடைய வாழ்நாள் சாதனை ஒரு துறவி நண்டு. துறவி என்று பெயர்தானே தவிர, வீட்டு ஆசை அதைப் போல் வேறு எதற்கும் கிடையாது. பின்பக்கம் வெறும் சதை. அதனால் செத்த நத்தையின் ஓட்டுக்குள் பின்பக்கத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஓட்டையும் சுமந்துகொண்டு திரியும். கொஞ்சம் பெரிய ஓடு கண்ணில் பட்டால் போதும், பழையதை விட்டுவிட்டு அதற்குள் பாயும். நாத்தனார் கண்டுபிடித்ததற்கு இடக்கொடுக்கு பெரியது, அதன் விளிம்பில் ஒற்றை வரிசையாக மயிர், கால்களில் நீலப் பட்டை. பட்டை உயிரோடு இருக்கும்போது மட்டும்தான் தெரியும். சாராயத்தில் போட்டால் எல்லா நண்டும் ஒரே வெளுப்பு. ஆக, உயிரோடு பார்த்து நிறத்தைக் குறித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாமே இதிலிருந்துதான் வந்தது.

அந்த நண்டு ஒரே ஒரு விரிகுடாவில்தான் கிடைத்திருந்தது. அவளுக்கு முன்னால் இங்கே இருந்த காப்பாளர், காலமாகிவிட்டார், அவரை ‘புட்டி வாத்தியார்’ என்பார்கள், அவர் பிடித்து வைத்த அறுபது நண்டுகள் ஒரே பெரிய புட்டியில் கிடந்தன. ஒரு நாள் அந்தப் புட்டியில் விரிசல். வேறு புட்டிக்கு மாற்றும்போது மூன்று நண்டுகள் இடமில்லாமல் மிஞ்சிவிட்டன. பக்கத்தில் கழுவாமல் கிடந்த ஒரு சின்னப் புட்டியில் போட்டேன். அதன் அடியில் வேறு ஏதோ கரையின் பழைய சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தியமாக நான் கவனிக்கவில்லை. முதல் சீட்டு வெறும் தவறுதான்.

நாத்தனார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அண்ணி, இது எங்க இருந்துச்சு?”

“வாத்தியாரோட பழைய பெட்டியில” என்றேன். சின்னப் புட்டி அங்கிருந்துதான் வந்தது.

“இது நம்ம விரிகுடா இல்ல அண்ணி. இது நானூறு மைல் தள்ளி.”

மூன்றாம் நாள் அந்தக் கரைக்குக் கிளம்பிவிட்டாள். பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளை எப்படிச் சொல்வது. செருப்புகள் வாசலில் தாறுமாறாகக் கிடந்தன. மகள் ஏழு கால் நண்டு, பதினான்கு கால் நண்டு என்று வரைந்து தள்ளினாள். நான் கதவில் இருந்த பட்டியலைப் பார்க்காமல், மோந்து பார்த்தே சர்க்கரையைக் கண்டுபிடித்தேன். என் வீட்டுக்காரர்கூட ஒரு நாள் சத்தமாகச் சிரித்தார்.

அவள் திரும்பி வந்தாள். நண்டு கிடைக்கவில்லை. ஆனால் சோர்ந்துபோகவில்லை. “பருவம் தப்பு. இந்த மாசத்துல ஆழத்துக்குப் போயிருக்கும்” என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு, செருப்புகளை அடுக்கினாள்.

இரண்டாவது சீட்டு தவறு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். மகளுக்குப் பரீட்சை இருந்தது. வாத்தியாரின் கையெழுத்தைப் போல எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை, அவருடைய ‘ழ’ மட்டும் வால் நீளம். அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. பரீட்சை என்றால் நண்டு தெற்கே போகும். என் அம்மா வந்து தங்கினால் வடக்கே. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஒரு தீவுக்கே போனது. அந்தத் தீவுக்கு வாரம் ஒரு படகுதான், அதனால் நாற்பது நாள் கிடைத்தது. எட்டு வருடத்தில் பத்துக் கரை. பதிவேட்டில் அறுபது, பெரிய புட்டியில் முப்பத்தொன்று, மிச்சம் இருபத்தொன்பது எங்கே என்று கேட்டீர்களே, பத்துப் புட்டியில் இருபத்தெட்டு. உங்கள் கணக்கு சரிதான். அந்த ஒன்றுக்கு வருகிறேன்.

யாருக்கு இதில் நஷ்டம், சொல்லுங்கள். அவள் ஊர் ஊராகப் பார்த்தாள். காற்றாடப் போய்வந்த உடம்பு, நல்ல நிறமாகக்கூட ஆனாள். பத்துப் புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்து, குஞ்சுகளை நீரோட்டம் இந்த வழியாக அடித்துக்கொண்டு போகிறது என்று ஒரு கொள்கையே எழுதினாள். வெளிநாட்டில் கைதட்டினார்கள். அந்த வரைபடத்தை மையால் வரைந்து கொடுத்தது நான். என் மகளின் பள்ளி அட்டவணையைத்தான் அவர்கள் நீரோட்டம் என்று பாராட்டினார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் எனக்கு விளம்பர ஆசை கிடையாது.

போன வருடம் அவளுக்கு முட்டி வலி வந்தது. ஒரு நாள் மாலை சமையலறைக்கு வந்து, எண்ணெய் டப்பாவை அதன் எண்ணுக்கு நகர்த்திவிட்டு, “இனிமே கரைக்கெல்லாம் போறதா இல்ல அண்ணி. வீட்டோட இருந்து புஸ்தகம் எழுதப்போறேன்” என்றாள்.

“எவ்வளவு நாளாகும்?”

“அஞ்சாறு வருஷம். நீங்கதான் பக்கத்துல இருந்து எழுதித் தரணும். உங்க எழுத்து மாதிரி வராது.”

நான் கேஸை அணைத்தேன். அவள் போகவில்லை.

“அண்ணி, ஒண்ணு உறுத்துது. பத்துக் கரையில பிடிச்ச நண்டும் ஒரே ஜாதி நத்தை ஓட்டைத்தான் போட்டிருக்கு. அந்த நத்தை பாதி இடத்துல கிடையவே கிடையாது. அப்ப ஓடு எங்க இருந்து வந்துச்சு?”

“யாராவது தூக்கிட்டு வந்திருப்பாங்க.”

“நண்டு நானூறு மைல் ஓட்டைத் தூக்கிட்டு நடக்குமா?” என்று சிரித்தாள். “திங்கக்கிழமை எல்லாப் புட்டியையும் மேஜையில வச்சு ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பார்க்கணும். நீங்களும் இருங்க.”

அவள் என்னைச் சந்தேகப்பட்டாள் என்று நான் நினைக்கவில்லை. நான் பயந்ததாகவும் நீங்கள் எழுத வேண்டாம். ஐந்தாறு வருடம் என்ற வார்த்தைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அந்த வார இறுதியில் பெரிய புட்டியிலிருந்து கடைசியாக ஒரு நண்டை எடுத்தேன். ஓட்டிலிருந்து இடுக்கியால் மெதுவாகக் கழற்றி, அலங்காரப் பொருள் கடையில் வாங்கிய வேறு ஜாதி ஓட்டில் திணித்தேன். சற்று இறுக்கம், ஆனால் உட்கார்ந்துவிட்டது. சீட்டு எழுதினேன். வாத்தியாருடைய குறிப்பேட்டில் ஒரு கரை இருந்தது. மணல்திட்டு, அதன் கோடியில் பாறை. தண்ணீர் வற்றினால் திட்டு வழியே நடந்து போகலாம். அடுத்த பக்கத்தில், ‘தனியாகப் போகாதே, நீர் முன்னால் வராது, பின்னால் சுற்றி வந்து வழியை மூடும்’ என்று சிவப்பில் எழுதியிருந்தார். அந்தப் பக்கம் ஏற்கெனவே தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. தொலைந்துவிடப் போகிறதே என்று எடுத்து என் அலமாரியில் பத்திரப்படுத்தினேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமென்றால் பாருங்கள்.

திங்கட்கிழமை அவள் எண்ணுவதற்கு முன்னால் பதினோராவது புட்டியை மேஜையில் வைத்தேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“வேற ஓடு” என்றாள். “அண்ணி, வேற ஓடு. அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” பிறகு, “கடைசியா ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன். இது ஒண்ணை உயிரோட பார்த்துட்டா போதும்” என்றாள்.

கிளம்புகிற அன்று, பையைக் கட்டிக்கொண்டே, “வியாழக்கிழமை அங்க தண்ணி எப்ப வத்துதுன்னு அட்டவணையில பார்த்துச் சொல்லுங்களேன், கண்ணாடியை உள்ள வச்சுட்டேன்” என்றாள்.

அட்டவணையில் ஒன்பது மணி என்று இருந்தது. நான் பதினொன்றரை என்றேன். இரண்டரை மணி நேர வித்தியாசம். வங்கியில் வரிசையில் நின்றால் போகிற நேரம். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை.

“முட்டியைப் பார்த்துக்கோ” என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மீனவர்கள் அவள் உடலைக் கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. செருப்புகளை நானே அடுக்கிவைக்கிறேன். அது பழகிவிட்டது போலிருக்கிறது.

ஐயா, என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது நான் பாட்டுக்கு ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீங்களும் சீட்டோடு விட்டிருப்பீர்கள். ஆனால் நேற்று அந்த வரைபடத்தைக் காட்டினீர்கள். அவள் கிளம்பும் முன் சேர்த்த பதினோராவதோடு எல்லாப் புள்ளிகளையும் சிவப்பால் அடித்து, ‘போலி’ என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவும் சொன்னேன்.

அவளுடைய பை பாறை இடுக்கில் சிக்கியிருந்தது. உங்கள் அலுவலகம் அதை அன்றைக்கே எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது, யாரும் உள்ளே சரியாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதில் ஒரு மூடிபோட்ட புட்டி. இரண்டு துறவி நண்டுகள். இடக்கொடுக்கு பெரியது. விளிம்பில் ஒற்றை வரிசை மயிர். நான் பார்த்தபோது ஒன்று இன்னும் கால் அசைத்தது. பட்டை நீலம், ஐயா. அப்படியொரு நீலத்தை நான் பார்த்ததில்லை. கூடவே அவளுடைய நீர்புகாத நோட்டு. பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘உயிருடன் இரண்டு. அண்ணி எடுத்துக் கொடுத்த சீட்டு சரி. பாறைக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்கும் போலிருக்கிறது. போகிறேன்.’

எட்டு வருடம் தேடியவள். கடைசியில் கையில் பிடித்துப் பார்த்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரச் சந்தோஷத்தை அவளுக்கு யார் கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு நண்டுகளையும் பதப்படுத்தி, புதுச் சீட்டு எழுதி, பிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டு எடுத்து வந்திருக்கிறேன். இதோ. மற்ற பத்துப் புள்ளிகளையும் அடித்துவிடுங்கள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பதினோராவதை மட்டும் விட்டுவிடுங்கள். அது சுத்தமான பதிவு. அதில் நான் எழுதிய ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தண்ணீர் வற்றும் நேரம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. அதுவும் நான் வாயால் சொன்னது, சீட்டில் எழுதவில்லை.