ரவிக்கைக்குள் அடங்காத போன்

தைப்பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் பகல் பஸ். எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியும் அவள் புருஷனும் இருந்தார்கள்.

"நீங்க சொல்ற போனை வாங்கினா, ரவிக்கையைத்தான் பெருசா தைக்கணும்" என்றாள் அவள்.

"இப்ப உள்ளது என்ன பெருசு? சித்திரையில வர்ற புதுப் போன் பலகை மாதிரி இருக்குமாம். கடைக்காரரே சொன்னாரு."

"கடைக்காரரு கொழுந்தெடுக்கிறாரா?"

"ஏ புள்ள, மக முகத்தை முழுசா பாக்கலாமேன்னுதான் சொல்றேன். இதுல தீப்பெட்டி அளவுதான் தெரியுது."

"சவூதியில அவ வேலை செய்யிற வீட்டம்மா தூங்குறப்பதான் அவ கூப்பிடுவா. அந்நேரம் நான் மலையில நிக்கிறேன். போன் நெஞ்சோட இருந்தாத்தான் எடுக்கலாம். உங்க பலகையை லயத்து வீட்டுல வச்சிட்டுப் போனா யாரு எடுக்கிறது?"

"நான் எடுக்கிறேன்."

"எடுத்தீங்களே. அன்னைக்கு ஒரு நாள் இந்தப் போனை மறந்து வச்சிட்டுப் போனேன். மூணு தரம் கூப்பிட்டிருக்கா. நீங்க அதுல கிரிக்கெட் பாத்துக்கிட்டு மூணு தரமும் கட் பண்ணிட்டீங்க."

"அது கடைசி ஓவரு."

"மூணு தரமுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஹாலி-எல ஊரைத் தாண்டியது.

"அதுக்கப்புறம் அவ கூப்பிடவே இல்ல" என்றாள். ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் போனை எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்துக்கொண்டாள்.