போன் அம்மா

ராத்திரி ஒன்றரை மணி. அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற ரோடு. சிமெண்ட் லாரிகள் திரும்பிப் போன பிறகு அந்த ரோட்டில் ஈ காக்கை கிடையாது. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்… நடுவில் ஒரே ஒரு ஆட்டோ. அதில் ஒரே ஒரு பொம்பளை.

கிட்ட வந்து உட்காருங்கள். நாம் காவல் காக்கிற, ரோட்டில் காய்கிற மக்காச்சோளத்தை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள். நம்மோடு கான்கிரீட் வேலைக்கு வருகிறாளே வீரம்மாள், அவளுடைய அக்கா மகள்தான் அந்தப் பொம்பளை. பேர் ஜோதி.

ஆட்டோக்காரர் அரியமுத்து வாய் ஓயாத ஆள். "சிங்கப்பூர்லேருந்து வர்றேங்குற… ஒரு கோடாலித் தைலம்கூட இல்லியாம்மா?" என்றார்.

ஜோதி, "கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

புருஷன் லாரி மோதிச் செத்த பிறகு, ஒன்றரை வயது மகள் கவியாவை ஓரகத்தி வேணியிடம், அதாவது புருஷனின் அண்ணன் மனைவியிடம், விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு சிங்கப்பூர் போனவள் அவள். வேணிக்குப் பிள்ளை இல்லை. தங்கமாகப் பார்த்துக்கொண்டாள்… அதுதான் ஜோதிக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பார்ப்பாள். கவியா வேணியின் இடுப்பில் இருக்கும். ஜோதி அனுப்பிய கவுன் பீரோவில் கிடக்கும்; வேணி அரியலூர்க் கடையில் எடுத்த கவுன் பிள்ளை உடம்பில் இருக்கும். பிள்ளை வேணியை "அம்மா" என்று கூப்பிடும். இவளை "போன் அம்மா" என்று கூப்பிடும். வேணி சிரித்துக்கொண்டே, "அப்புடிச் சொல்லக் கூடாதுடி தங்கம்" என்பாள். அந்தச் சிரிப்பு… போனை வைத்த பிறகும் ஜோதிக்குள் எரிந்துகொண்டே இருக்கும். சோறு இறங்காது.

சிங்கப்பூரில் ஜோதி வேலை பார்த்த வீடு பெரம்பலூர்க்காரர் மணிவண்ணன் வீடு. பன்னிரண்டாவது மாடி. அவர் மனைவி சிவரஞ்சனி ரெண்டாவது பிரசவத்தில் அங்கேயே இறந்துவிட்டாள். ஆறு வயது சுவாதி, ரெண்டு வயதுப் பையன் முத்தமிழ். ரெண்டையும் வளர்த்தது ஜோதிதான். ஒரு நாள் முத்தமிழ் இவளைப் பார்த்து "அம்மா" என்றது. ஜோதிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. 'வேணி மட்டுந்தான் அம்மாவா?' என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரியே பையனுக்குக் காய்ச்சல்.

மணிவண்ணனுக்கு நைட் ஷிஃப்ட். போன் எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பையனுக்கு வலிப்பு வந்து வெட்டிக்கொண்டது. கண் மேலே சொருகிவிட்டது. ஜோதி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். போனில் பேசிய பெண் சொன்னபடியே பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், சட்டையைத் தளர்த்தினாள், வாயில் எதையும் திணிக்கவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்தாள். ரெண்டு நிமிஷத்தில் வெட்டு நின்றது. ஆனால் பையன் கண் திறக்கவில்லை…

அப்போதுதான் அந்த வாடை. பால் சிந்திக் காய்ந்த சேலையின் புளிச்ச வாடை. கூடவே ஒரு சத்தம். தட்… தட்… தட்… பிள்ளையைத் தூங்க வைக்க முதுகில் தட்டுவார்களே, அது. ஜோதியின் கை ரெண்டும் அவள் மடியிலேயே இருந்தன.

சுவாதி கட்டிலின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "அக்கா… தம்பி உன்னய அம்மான்னு சொல்லிட்டானாம். அம்மா கோவமா இருக்காங்க."

ஜோதிக்கு வேறு என்ன தெரியும்? நம் பக்கத்துப் பொம்பளைகள் செய்வதைத்தான் செய்தாள். கல்லுப்பும் மிளகாயும் கையில் எடுத்துப் பையனைச் சுற்றினாள். சுற்றும்போது ஊர்க்கண், உறவுக்கண் என்று பொதுவாகத்தான் சொல்ல வேண்டும். ஆள் பேரைச் சொல்லக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் ரெண்டு வருஷமாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது நாக்குக்கு வந்துவிட்டது.

"சிவரஞ்சனி… ஒனக்கு ஒருத்தி மேல கோவம்னா என் மேல வேணாம். நானும் ஒன்னய மாதிரிதான். எங்க ஊர்ல வேணின்னு ஒருத்தி அடுத்தவ புள்ளய மடியில வச்சிக்கிட்டு அம்மான்னு கூப்புட வச்சிருக்கா. விக்கிரமங்கலம்… ஒனக்கும் பக்கத்து ஊருதான். அங்க போ. போயி ரெண்டு பேரயும் பிரிச்சு வுடு."

அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது. நெடியே வரவில்லை.

தட்டும் சத்தம் நின்றது. திறந்து கிடந்த வாசல் வழியாக அந்த வாடை வெளியே போயிற்று… லிஃப்ட் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பையன் வீறிட்டு அழுதான். ஆம்புலன்ஸ்காரர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். காய்ச்சல் வெட்டுதான், பயமில்லை என்றார் டாக்டர். மணிவண்ணன் ஓடி வந்து, "நீ இல்லன்னா எம் புள்ள இல்லம்மா" என்று அழுதார்.

அடுத்த ஞாயிறு வேணியின் முகம் மட்டும்தான் வீடியோவில் தெரிந்தது. "கவியா எங்கிட்ட வர மாட்டேங்குது ஜோதி. தொட்டா கத்துது. சுவத்தப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்குது." சொல்லும்போதே வேணி அழுதாள்.

உண்மையைச் சொன்னால், ஜோதி சந்தோஷப்பட்டாள். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள். இனிமேல் பிள்ளை தன்னைத்தானே தேடும் என்று நினைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு கவியா போனைப் பார்த்தது. "நீ வேணாம்" என்றது. போனைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "வச்சிட்டேம்மா" என்றது.

மறுநாளே ஜோதி லீவு கேட்டாள். ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டாள். யாருக்கும் சொல்லவில்லை.

அந்த ஒன்றரை மணி ஆட்டோ அவளை வேணி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போன பிறகு கதவைத் தட்டினாள். வேணி திறந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"வந்துட்டியா மகராசி… இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

"எம் புள்ள எங்கக்கா?"

"உள்ளதான் கெடக்கு. என்னயத் தொட வுடல. நீதான பெத்தவ, நீயே தூக்கிக்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

உள்ளே அதே புளிச்ச வாடை. கவியா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. ஜோதி ஓசைப்படாமல் உட்கார்ந்தாள். ரெண்டு வருஷம் கழித்துத் தன் பிள்ளையின் முதுகைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

பிள்ளை வரவில்லை.

மூணரை வயசுப் பிள்ளை… என்ன கனம் இருந்துவிடும்? மறுபடி தூக்கினாள். அசையவில்லை. "அக்கா…" என்றாள். வேணி ஓடி வந்தாள். ஜோதி ஒரு கையையும் வேணி ஒரு கையையும் பிடித்தார்கள். அந்த ரெண்டு பொம்பளைகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு தங்கள் பக்கம் இழுத்தார்கள்.

கவியா கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே… சுவர்ப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது.